சிப் போட்டாயிற்று, ஆனால் அது தோலுக்கு உள்ளேதான் இருக்கிறதா? எப்படி உறுதிசெய்வது?

சாம்பல்பூனை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூனைக்கு நேற்றுச் சாயங்காலம் மைக்ரோசிப் போட்டோம், அதாவது தொலைந்தால் கண்டுபிடிக்க உதவும் அடையாள எண் உள்ள சின்னச் சிப். டாக்டர் பிடரித் தோலைப் பிடித்துத் தூக்கி ஊசியை ஏற்றினார், சரியாக அந்த நேரம் பார்த்து அவள் உடம்பை உதறிக்கொண்டு முன்னால் பாயப் பார்த்தாள். டாக்டர் முழுக்க அமுக்கி முடித்துவிட்டு ஊசியை வெளியே எடுத்தாரா, அல்லது அந்த உதறலில் ஊசி தானாக வெளியே வந்துவிட்டதா என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. உடனே ஸ்கேனரைக் காட்டினார், பீப் சத்தம் வந்தது, திரையில் எண்ணும் வந்தது. சிப் உறையோடு வந்த ஸ்டிக்கரில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒன்றாகத்தான் இருந்தது. அத்தோடு கிளம்பி வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஊசி போட்ட இடத்தில் முடி கொஞ்சம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பொட்டு ரத்தம் காய்ந்த அடையாளமும் இருக்கிறது. விரலால் மெதுவாகத் தடவினால் உள்ளே எதுவுமே தட்டுப்படவில்லை. அப்போதிலிருந்து மனது கேட்கவில்லை. இவள் கதவு திறந்தால் வெளியே ஓடுகிறவள், அதற்காகத்தான் சிப்பே போட்டோம். சிப் வெளியே விழுந்துவிட்டு, உள்ளே இருக்கிறது என்று நம்பிக்கொண்டே நாங்கள் வருஷக்கணக்கில் இருந்துவிட்டால்?

கேட்க வேண்டியது இதுதான். ஸ்கேனரில் எண் வந்துவிட்டால் சிப் உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? கைக்குத் தட்டுப்படாதது சாதாரணமா? வீட்டிலேயே பார்க்க ஏதாவது வழி உண்டா, அல்லது மறுபடி கிளினிக்குக்குத்தான் போக வேண்டுமா?


ஊசிமருந்து

கால்நடைக் கிளினிக்கில் உதவியாளராக வேலை பார்க்கிறேன், சிப் போடும்போது பிடிப்பதும் போட்ட பிறகு ஸ்கேன் பண்ணுவதும் பெரும்பாலும் என் வேலைதான். முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொன்ன அடையாளங்களில் சிப் விழுந்துவிட்டது என்று சொல்ல எதுவும் இல்லை. அந்த ஊசி சாதாரணத் தடுப்பூசி ஊசியைவிட நல்ல தடிமன். சிப் சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய ஒரு நீள அரிசி மணி மாதிரி, அது உள்ளே போக வேண்டும் என்றால் ஊசியும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும். ஒரு பொட்டு ரத்தம் வருவதும் முடி ஈரமாவதும் சகஜம்.

ஆனால் நீங்கள் கேட்ட முதல் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி, நிறையப் பேர் கேட்பதில்லை. எண் வந்துவிட்டதால் மட்டும் சிப் தோலுக்கு உள்ளே இருக்கிறது என்று ஆகிவிடாது. ஸ்கேனர் சொல்வதெல்லாம் 'சிப் என் பக்கத்தில் எங்கோ இருக்கிறது' என்பது மட்டும்தான். சிப்பில் பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு சின்னக் கம்பிச் சுருள் இருக்கும், ஸ்கேனரிலிருந்து வரும் காந்தப்புலம் அதில் பட்டதும் கொஞ்சம் மின்சாரம் உண்டாகி அதை வைத்துத்தான் சிப் தன் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. அந்தப் புலத்துக்குத் தோல், முடி, துண்டு, பிளாஸ்டிக் எதுவும் தடை இல்லை. அதனால் சிப் தோலுக்கு அடியில் இருந்தாலும் எண் வரும், முடிக்குள் சிக்கிக்கொண்டிருந்தாலும் எண் வரும், மேஜைமேல் விரித்த துண்டில் விழுந்து கிடந்தாலும் வரும். ஏன், இன்னும் ஊசிக்குள்ளேயே மாட்டிக்கொண்டு அந்த ஊசி பக்கத்துத் தட்டில் கிடந்தாலும் வரும்.

இதெல்லாம் எப்படி நடக்கிறது என்றால், மூன்று நான்கு வழிகள் உண்டு. குட்டிகளுக்கும் பூனைகளுக்கும் தோல் மெல்லியது. தோலைத் தூக்கிப் பிடித்த மடிப்புக்குள் ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டால் சிப் நேராக முடியில் போய் உட்காரும். அடர்த்தியான முடி என்றால் இது கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று, பின்னால் இருக்கும் தண்டை முழுக்க அமுக்காமல் ஊசியை இழுத்தால் சிப்பும் ஊசியோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும். அமுக்கிய விரலை எடுக்காமலேதான் ஊசியை உருவ வேண்டும். அப்புறம், ஊசியை முழு நீளத்துக்கும் ஏற்றாமல் நுனியை மட்டும் நுழைத்துப் போட்டால் சிப் அந்தத் துளைக்கு நேர் கீழேயே நின்றுவிடும், விலங்கு ஒரு உதறு உதறினால், கொஞ்சம் சொறிந்தால், வந்த வழியே வெளியே வந்துவிடும். உங்கள் பூனை நடுவில் உதறியதால் நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான்.

இதனால்தான் போட்டு முடித்ததும் நான் செய்வது இப்படி. ஊசி வெளியே வந்ததும் துளையின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிப்பேன். அப்புறம் ஊசியை, உறையை, ஸ்டிக்கர் காகிதத்தை எல்லாம் அறையின் மறு கோடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். ஊசியின் நுனியை வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே காலியா என்று தெரிந்துவிடும், சந்தேகமாக இருந்தால் ஊசிக்கே தனியாக ஸ்கேனரைக் காட்டிப் பார்ப்பேன். விலங்கை அந்த மேஜையிலிருந்து தூக்கி வேறு இடத்தில் நிறுத்தி, போட்ட இடத்து முடியைப் பிரித்துப் பார்த்து, பல் நெருக்கமான சீப்பால் இரண்டு தரம் வாரிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்கேன். சில ஸ்கேனர்களில் கடைசியாகப் படித்த எண் திரையிலேயே நின்றுகொண்டிருக்கும், அதை அழித்துவிட்டுப் புதிதாகப் படிக்க வைக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு எண் வந்தால் அது உள்ளே இருக்கிறது. இதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது, ஆனால் வரிசையில் பத்து விலங்குகள் காத்திருக்கும் நாளில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய வருத்தம்.

கைக்குத் தட்டுப்படாததைப் பற்றிக் கவலை வேண்டாம். பெரும்பாலான நாய் பூனைகளில் தட்டுப்படாது. ஒல்லியான பூனை என்றால் சில சமயம் தோலுக்கு அடியில் மெல்லிய, கெட்டியான ஒன்று விரலுக்கு அடியில் நழுவுவது தெரியும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த இடத்தைக் கிள்ளுவது, உருட்டுவது, 'இங்கே இருக்கிறதா' என்று அமுக்கி அமுக்கித் தேடுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். துளை இன்னும் மூடியிருக்காது, தேடுகிற விரலே அதை வெளியே தள்ளிவிடலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பூனையைக் கொண்டுபோன கூடையில் விரித்த துணியை ஒரு வெள்ளைத் துணியின்மேல் உதறிப் பாருங்கள், நேற்று அவள் படுத்த இடங்களையும் பாருங்கள். கண்ணாடிக் குழாய்த் துண்டு மாதிரி, உள்ளே செம்பு நிறச் சுருள் தெரியும். கிடைக்கவில்லை என்றால் நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் போதாது. நாளைக்கோ மறுநாளோ கிளினிக்குக்குப் போய் நான் மேலே சொன்ன மாதிரி ஒருதரம் ஸ்கேன் பண்ணித் தரச் சொல்லுங்கள். ஸ்கேன் மட்டும்தானே, பல இடங்களில் காசே வாங்கமாட்டார்கள்.


கேள்விக்குறி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். இப்போது வரும் செல்போன்களில் என்எஃப்சி இருக்கிறதே, காசு கட்டுவதற்குக் கிட்டே கொண்டுபோனாலே போதும், அதை வைத்துச் சிப் எண்ணைப் படிக்க முடியாதா? ஆப் கடையில் 'பெட் சிப் ஸ்கேனர்' என்று நிறைய வருகிறது. சாம்பல்பூனை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாமே.


ஊசிமருந்து

முடியாது. செல்போன் என்எஃப்சி 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது, விலங்குகளுக்குப் போடும் சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸில். இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம். எந்த ஆப் போட்டாலும் போனில் இருக்கும் ஆன்டெனா மாறப்போவதில்லை. மனிதர்கள் சிலர் கையில் கதவு திறக்கச் சிப் போட்டுக்கொள்கிறார்களே, அதில் போன் படிக்கும் வகையும் உண்டு, அதைப் பார்த்துத்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அந்த ஆப்களில் ஒழுங்கானவை எண்ணை நாம் தட்டச்சு செய்தால் அது எந்தப் பதிவேட்டில் (சிப் எண்ணோடு வளர்ப்பவர் விவரத்தைச் சேர்த்துவைக்கும் பட்டியலில்) இருக்கிறது என்று தேடித் தரும், அல்லது தனியாக வாங்கும் ஸ்கேனரோடு ப்ளூடூத்தில் இணையும். போனை மட்டும் பூனையின் முதுகில் வைத்துப் பார்த்துவிட்டு 'எண் வரவில்லை, சிப் விழுந்துவிட்டது' என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. அது வீண் பயம்.

நிறைய விலங்குகள் வைத்திருப்பவர்கள் கையடக்க ஸ்கேனர் ஒன்று சொந்தமாக வாங்கிவைத்துக்கொள்வது உண்டு, ஒரே ஒரு பூனைக்காக வாங்க வேண்டிய அவசியம் இல்லை.


தெருநாய்த்தோழன்

விலங்குக் காப்பகத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மேலே அக்கா சொன்னது போட்ட அன்றைக்கான விஷயம், நான் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் போட்ட இடத்திலேயே எல்லாச் சிப்பும் இருப்பதில்லை.

காணாமல் போன நாயோ பூனையோ எங்களிடம் வந்தால் முதல் வேலை ஸ்கேன். பிடரியில் ஒருதரம் காட்டி, எண் வரவில்லை, சிப் இல்லை என்று எழுதிவிடுவது பெரிய தவறு. சில விலங்குகளில் சிப் தோலுக்கு அடியிலேயே மெல்ல நகர்ந்து தோள்பட்டைப் பக்கம், நெஞ்சுப் பக்கம், முன்னங்கால் முழங்கை வரைக்கும்கூட இறங்கியிருக்கும். அதனால் நாங்கள் ஸ்கேனரை முடியோடு ஒட்டிப் பிடித்து, பிடரியில் ஆரம்பித்து, இடவலமாக வளைந்து வளைந்து முதுகு முழுக்க, அப்புறம் இரண்டு தோள், நெஞ்சு, முன்னங்கால்கள் என்று மெதுவாகக் கொண்டுபோவோம். மெதுவாக என்பதுதான் முக்கியம். இஸ்திரி போடுகிற வேகத்தில் இழுத்தால் ஸ்கேனருக்குப் படிக்க நேரம் கிடைப்பதில்லை, ஏனென்றால் அது வெவ்வேறு வகைச் சிப்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிக்கொண்டிருக்கும்.

சிப் எந்தக் கோணத்தில் திரும்பிப் படுத்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் எண் வருவதும் வராததும் மாறும். ஒரு திசையில் போய் வந்த பிறகு ஸ்கேனரைத் திருப்பிப் பிடித்துக் குறுக்குத் திசையிலும் ஒருதரம் போக வேண்டும். இரும்பு மேஜை, உலோக வளையம் வைத்த கழுத்துப்பட்டை, பக்கத்தில் ஓடும் கம்ப்யூட்டர் திரை, ட்யூப்லைட், இதெல்லாம் குறுக்கே வரும். பட்டையைக் கழற்றிவிட்டு, தரையில் நிறுத்தி ஸ்கேன் பண்ணினாலே பல நேரம் 'சிப் இல்லாத' நாய்க்குச் சிப் வந்துவிடுகிறது. நல்ல கொழுத்த நாய்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டும், சிப்புக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அதிகம்.

எங்களிடம் ஒரு நடுவயது நாய் வந்தது. கழுத்தில் தேய்ந்த பட்டைத் தடம், நன்றாக வளர்க்கப்பட்டது என்று பார்த்தாலே தெரிந்தது, உட்கார் என்றால் உட்கார்ந்தது. பிடரியில் ஒன்றும் வரவில்லை. முதுகிலும் இல்லை. நெஞ்சுக்குக் கீழே, வலது முன்னங்கால் மடங்கும் இடத்தில் ஸ்கேனரைக் காட்டியபோதுதான் பீப் வந்தது. அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடி, அன்றைக்கே வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு பீப் வரவில்லை என்றால் அது இன்னொரு வீட்டுக்குத் தத்துப் போயிருக்கும்.

சிப் நகர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தோலுக்கு அடியில் இருக்கும்வரை விலங்குக்குத் தொந்தரவு கிடையாது. ஆனால் இப்போது எங்கே இருக்கிறது என்று வருஷம் ஒருமுறை தடுப்பூசிக்குப் போகும்போது பார்த்து, நகர்ந்திருந்தால் மருத்துவக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். இத்தனை பாடும் எதற்கு என்றால், 2009இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் 53 காப்பகங்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வந்தது. காப்பகத்துக்கு வந்த தெரு நாய்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால் 21.9 சதவீதம் வீடு திரும்பின, சிப் வைத்த நாய்களில் 52.2 சதவீதம். பூனைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது, 1.8 சதவீதம் எங்கே, 38.5 சதவீதம் எங்கே. பூனைக்குக் காப்பகத்தில் வேறு அடையாளமே இருப்பதில்லை. எல்லாமே சாம்பல் பூனைதான், எல்லாமே கறுப்புப் பூனைதான்.


கடல்தாண்டி

எங்கள் நாயை அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறோம், அதனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். போட்ட சிப் விழுந்துவிட்டது என்றோ, ஸ்கேனரில் படிக்கவில்லை என்றோ பிறகு தெரிந்தால் என்ன செய்வது? புதிதாக ஒன்று போட்டால் போதுமா, பழையதை எடுக்க வேண்டுமா? ரேபிஸ் ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றே, அது என்ன ஆகும்?


வெட்_மனிதன்

கால்நடை மருத்துவராகப் பதில் சொல்கிறேன். ஊசிமருந்து சொன்னதில் நான் திருத்த எதுவும் இல்லை, அந்த மாதிரி ஒரு உதவியாளர் கிடைப்பது எந்த மருத்துவருக்கும் அதிர்ஷ்டம்.

கடல்தாண்டி கேட்டதற்கு. படிக்கவில்லை என்றால் உடனே இன்னொரு சிப் போட்டுவிடக் கூடாது. முதலில் வேறொரு ஸ்கேனரில், முடிந்தால் வேறொரு கிளினிக்கில், உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். இப்போது போடும் சிப்கள் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேசத் தரத்தில் 15 இலக்க எண்ணோடு வருகின்றன. பழைய சிப்களில் 125, 128 கிலோஹெர்ட்ஸ் வகைகள் உண்டு, அவற்றில் 9 அல்லது 10 இலக்கம்தான் இருக்கும், எல்லா ஸ்கேனரும் அவற்றைப் படிக்காது. 'யுனிவர்சல்' ஸ்கேனர்தான் பல வகைகளையும் சேர்த்துப் படிக்கும். தத்தெடுத்த நாய், வயதான நாய் என்றால் இதை மறக்க வேண்டாம்.

அதிலும் வரவில்லை என்றால் எக்ஸ்ரே. சிப் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், தப்பவே தப்பாது. கழுத்திலிருந்து முன்னங்கால்கள் வரை சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும், பிடரியை மட்டும் எடுத்தால் நகர்ந்த சிப் படத்துக்கு வெளியே நின்றுவிடும். எக்ஸ்ரேயில் சிப் இருக்கிறது ஆனால் எந்த ஸ்கேனரும் படிக்கவில்லை என்றால் அது பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். அப்படி ஒரு சிப்பை வெட்டி எடுக்க வேண்டியதில்லை, சதை அதைச் சுற்றி மூடிக்கொண்டிருக்கும், எடுப்பதுதான் விலங்குக்குத் தொந்தரவு. அதை அங்கேயே விட்டுவிட்டுப் புதியது போட்டு, இரண்டு எண்களையும் குறிப்பில் எழுதி, பழைய எண் பழுது என்று பதிவேட்டுக்கும் தயாரித்தவர்களுக்கும் தெரிவிக்கலாம். எக்ஸ்ரேயிலும் இல்லை என்றால் வெளியே விழுந்துவிட்டது, புதியது போடுவதைத் தவிர வழி இல்லை.

பயணத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய், பூனை கொண்டுபோக வேண்டும் என்றால் ரேபிஸ் ஊசி போடும்போது சிப் ஏற்கெனவே உடம்பில் இருந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே நாளில் என்றாலும் சிப்தான் முந்த வேண்டும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி அங்கே கணக்கில் வராது. காரணம் எளிது, அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போட்டது என்று சொல்ல அந்த எண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால் சிப் மாறினால் பழைய ஊசிச் சான்றிதழ் சிக்கலாகலாம். நீங்கள் இப்போதே ஒருதரம் ஸ்கேன் பண்ணி, சான்றிதழில் இருக்கும் எண்ணோடு 15 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். சிப் நன்றாக இருந்தும் ஒரு இலக்கம் மாற்றி எழுதியதால் எல்லையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. முதல் முறை ரேபிஸ் ஊசி என்றால் போட்டு 21 நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும், ரேபிஸ் அபாயம் அதிகம் உள்ள நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும் அதற்குப் பின் மூன்று மாதக் காத்திருப்பும் உண்டு, ஆகவே கடைசி வாரத்தில் சிப்பில் கோளாறு கண்டுபிடித்தால் பயணமே போய்விடும். இந்த விஷயத்தில் அசட்டை கூடவே கூடாது.

சாம்பல்பூனைக்கு ஒரு வார்த்தை. போட்ட இடம் ஓரிரு நாள் லேசாகப் புடைத்திருக்கலாம், அது தானாக அடங்கும். நாளாக ஆகப் புடைப்பு பெரிதானால், தொட்டால் சூடாக இருந்தால், சீழ் மாதிரி ஏதாவது கசிந்தால் உடனே காட்டுங்கள், சீழ்க்கட்டி உடையும்போது சிப்பும் சேர்ந்து வெளியே வர வாய்ப்பு உண்டு. சில நாளைக்குக் குளிப்பாட்ட வேண்டாம். உண்ணிக்கு விடுகிற சொட்டு மருந்தும் பெரும்பாலும் இதே பிடரியில்தானே விடுகிறோம், அதையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், ஆறாத துளையில் மருந்து படக் கூடாது. சில வாரங்களில் சிப்பைச் சுற்றி மெல்லிய நார்த்திசு வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பிறகு வந்த வழியே வெளியேறுவது நடக்காது. எனவே முதல் சில நாளில் ஒரு ஸ்கேன், ஒன்றிரண்டு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்த அல்ல. விலங்கு திமிறும்போது கட்டாயப்படுத்திப் போடாதீர்கள் என்று மருத்துவரிடம் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஊசி தவறான ஆழத்தில் போய் முதுகுத்தண்டைக் காயப்படுத்திய பூனை ஒன்றைப் பற்றிக் கால்நடை மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. மிக மிக அரிது. ஆனாலும் துண்டில் சுற்றிப் பிடித்து, அது அடங்கும்வரை காத்திருந்து போட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கப் போகிறோம் என்றால் அப்போதே சிப்பும் போடச் சொல்லி நான் பலரிடம் சொல்வதுண்டு.


கடல்தாண்டி

ரொம்ப நன்றி டாக்டர். எங்கள் சான்றிதழில் சிப் தேதி ரேபிஸ் ஊசித் தேதிக்கு முன்னால்தான் இருக்கிறது, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எண்ணை ஒப்பிட இந்த வாரமே போகிறேன்.


சாம்பல்பூனை (கேள்வி கேட்டவர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தோம். கூடைத் துணியை நேற்று ராத்திரியே வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்தேன், முடி மட்டும்தான் இருந்தது.

டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, 'நியாயமான சந்தேகம்தான், பார்த்துவிடுவோம்' என்றார். முடியைப் பிரித்துக் காட்டினார். துளை இருந்த இடத்தில் கடுகளவு பொருக்கு, மறுபக்கத்தில் வேறு துளை எதுவும் இல்லை, ஆகவே ஊசி மடிப்பைத் தாண்டி வெளியே வரவில்லை. சீப்பால் வாரினார், எதுவும் விழவில்லை. மேஜையிலிருந்து இறக்கி, என் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஸ்கேனரைப் பிடரிக்கு நேராகப் பிடித்தார். முதலில் வரவே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்கேனரைத் திருப்பிக் குறுக்காகப் பிடித்து மெல்ல இடது பக்கம் கொண்டுவந்ததும் பீப். அதே எண். நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கிறது, அவள் உதறியபோது ஊசி அந்தப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்றார். தோலுக்கு அடியில் சரியான ஆழத்தில்தான் இருக்கிறதாம், 'இடது தோள்பட்டைக்கு மேலே' என்று அவள் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி பார்ப்பார்.

ஆனால் இன்னொரு விஷயம் கிளம்பியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த எண்ணை இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தேன், 'இந்த எண் பதிவு செய்யப்படவில்லை' என்று வருகிறது. கிளினிக்கில் படிவம் நிரப்பிக் கொடுத்தோமே, அவர்கள் பதிவு செய்திருக்க மாட்டார்களா?


தெருநாய்த்தோழன்

இடது பக்கமாக இருந்தாலும் உள்ளே இருக்கிறது என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. பதிவை இன்றைக்கே கவனியுங்கள், அதைக் கண்டுபிடித்தீர்களே, அது பெரிய விஷயம். சிப்பில் உங்கள் பெயரோ போன் எண்ணோ கிடையாது, 15 இலக்கம் மட்டும்தான். பூனை எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ்ஸும் அதில் இல்லை. அந்த இலக்கங்களுக்குப் பின்னால் பதிவேட்டில் ஆள் இல்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் ஸ்கேன் பண்ணி எண்ணை எழுதி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். எங்களுக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை.

முதலில் கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேளுங்கள். படிவம் இன்னும் அனுப்பாமல் இருக்கலாம், அல்லது அவர்கள் வேறொரு பதிவேட்டில் சேர்த்திருக்கலாம், ஒரே நாட்டில் பல பதிவேடுகள் இருப்பது உண்டு. சில இடங்களில் பதிவு நம் பொறுப்பு, கிளினிக் சிப் போடுவதோடு சரி. உறையோடு வந்த ஸ்டிக்கர்களில் மிச்சம் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள், ஒன்றைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டுங்கள், ஒன்றைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யும்போது உங்கள் எண்ணோடு, வீட்டுக்கு வெளியே இருக்கும் சொந்தக்காரர் ஒருவருடைய எண்ணையும் கொடுங்கள். போன் எண் மாறினால் அன்றைக்கே பதிவேட்டிலும் மாற்றிவிடுங்கள், எங்களுக்கு அடிக்கடி நடப்பது இதுதான், எண் வரும், பெயர் வரும், போன் அடித்தால் உபயோகத்தில் இல்லை என்று சொல்லும்.


சாம்பல்பூனை (கேள்வி கேட்டவர்)

போன் பண்ணிவிட்டேன். படிவம் மேஜையிலேயே இருந்திருக்கிறது, இப்போது ஏற்றிவிட்டார்கள். எண்ணைத் தேடினேன், என் பெயர் வருகிறது, என் தங்கையின் எண்ணையும் இரண்டாவதாகச் சேர்த்துவிட்டேன்.